அறுபத்தைந்து நாள் தக்காளி

ஒசூருக்கு வந்த எட்டு வருடத்தில் அது எங்களுக்கு ஆறாவது வீடு. பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற நேரத்துக்குச் சரியாக ஒரு வீட்டுக்காரருக்கு மகள் பிரசவத்துக்கு வந்துவிடுவாள். இன்னொருவருக்கு மேலே ஒரு மாடி கட்ட வேண்டும் என்று தோன்றிவிடும். மற்றொருவர் காரணம் எதுவும் சொல்லாமல் தண்ணீர் மோட்டாரை மட்டும் அணைத்து வைப்பார். நாங்களும் சண்டை போடத் தெரியாத ஜென்மங்கள். பாத்திரத்தையும் பாயையும் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம்.

எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடலாம், செடிகளைத் தவிர. ஒரே ஒருமுறை ஏற்றிப் பார்த்தோம். இறக்கும்போது ஒரு கத்தரித் தண்டும் கொஞ்சம் மண்ணும்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு என் மனைவி செடிகளை அந்தந்த மொட்டை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஒரு வீட்டை நம்புவதற்கே அவளுக்கு அரை வருடம் ஆகும். நம்பி விதை போட்ட கையோடு வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வருவார். அவரைக்கொடி பூத்தது, கிளம்பினோம். மிளகாய் பூத்தது, கிளம்பினோம். எந்த வீட்டிலும் அவள் பூவைத் தாண்டிப் பார்த்ததில்லை.

ஆறாவது வீட்டுக்காரர் ஆவணிக் கடைசியில் வந்தார். நல்ல மனிதர். தளி சாலையில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். தையில் மகனுக்குக் கல்யாணம், மருமகள் வந்தால் மேல் வீட்டில்தான் குடிவைக்க வேண்டும், கார்த்திகைக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் வெள்ளையடிக்கச் சௌகரியமாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் கிடையாது.

என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், என் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“இந்தத் தடவையும் ஒரு பழம் பறிக்காம இந்த வீட்டக் காலி பண்ணுனா, நான் எங்க அண்ணன் ஊருக்குப் போயிருவேன். நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்.”

அவள் அண்ணன் சாத்தூரில் அச்சகம் வைத்திருக்கிறார். வந்து அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பிடிகொடுக்காமல் இருந்தேன். அவள் கோபத்தில் எதையாவது சொல்லிவிட்டு அரைமணி நேரத்தில் மறந்துவிடுகிற ரகம் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு ஒசூர் பிடித்திருந்தது. அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாத்தூர்ப் பக்கத்துக் கந்தக பூமியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற ஊர் கிடைத்தால் விட மனசு வருமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் கன்னடத்தில் பேசத் தொடங்கி, தெலுங்கில் திட்டி, தமிழில் முடிப்பார். பாதி புரியாது. அந்தப் புரியாத பாதியைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு சுகம். இதையெல்லாம் ஒரு தக்காளியின் கையில் கொடுத்துவிட்டாளே என்று இருந்தது.

தக்காளி என்று முடிவு செய்ததும் அவள்தான். ரசத்துக்கு ஆகும், பார்க்கவும் அழகு, பழம் என்று பெயர் சொல்லிப் பறிக்கலாம். எந்தத் தக்காளி என்பதுதான் கேள்வி. கையில் இருந்தது மூன்று மாதம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பைக்கில் ராயக்கோட்டை சாலையில் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனோம். பச்சை நிழல்வலைக்குள் நுழைந்ததும் வெளியில் இருந்த லாரிச் சத்தம் எங்கோ தள்ளிப் போய்விட்டது. தண்ணீருக்கு அடியில் நிற்பது மாதிரி ஒரு வெளிச்சம். விரல் உயர நாற்றுகள் குழித்தட்டுகளில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. என் மனைவி குனிந்து அவற்றின் மேல் உள்ளங்கையை லேசாக ஓட்டினாள். கையை முகர்ந்து பார்த்து என்னிடமும் நீட்டினாள். தக்காளி இலை வாசம் அவள் கையில் எனக்குப் பிடித்திருந்தது.

பண்ணைக்காரர் எத்தனை ஏக்கர் என்று கேட்டார். ஒரு மொட்டை மாடி என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. ஆனால் அவர் காட்டிய ரகம் எல்லாமே லாரிக்கு என்று பிறந்தவை. இது இங்கே பறித்தால் நெல்லூர் வரைக்கும் தாங்கும், இது பெட்டியில் நாலு அடுக்கு அடுக்கினாலும் நசுங்காது என்று தோலின் பெருமையாகவே சொல்லிக்கொண்டு போனார். எங்களுக்குத் தேவை மாடியிலிருந்து அடுப்பு வரைக்கும் தாங்குகிற தக்காளி. நடுவில் பதினெட்டுப் படிதான். அதோடு, ஒரு தட்டு முழுக்க வாங்கினால்தான் தருவாராம். நூறு நாற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திரும்பிவிட்டோம்.

என்னோடு வேலை பார்க்கிற, தளிப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கம்பெனியில் அவர் சரக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கிறார், நான் திட்டமிடுகிற பிரிவு. அவருடைய அண்ணன்மார் தக்காளி போடுகிறவர்கள். மனிதர் என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே கேண்டீனில் எனக்கு எதிரில் வந்து உட்காருவார். அவசரம் என்றதும், பழம் பெரிதாக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், சின்னக் காய்தான் சீக்கிரம் சிவக்கும் என்றார். கொடி மாதிரி ஏறிக்கொண்டே போகிற ரகம் வேண்டாம், அது வளர்ந்து முடித்துக் காய்க்க நாளாகும். இடுப்பு உயரத்தில் நின்றுவிடுகிற குத்துச் செடியாகப் பாருங்கள் என்றார். பிறகு, எதற்கு சார் இவ்வளவு அவசரம், வீட்டில் விசேஷமா என்று கண்ணைச் சிமிட்டினார். நான் சாம்பாரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

விதை வாங்கியது அத்திப்பள்ளியில். ஒசூரிலிருந்து கர்நாடக எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர். அங்கே ஒரு விதைக்கடையில் பாக்கெட்டுகளைத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் கன்னடம். எனக்குப் படிக்க முடிந்தது படமும், எத்தனை நாளில் பழுக்கும் என்கிற எண்ணும் மட்டும்தான். ஐம்பத்தைந்து என்று போட்ட ஒன்றை எடுத்தேன். கொத்துக் கொத்தாகக் குட்டிப் பழங்கள். கோலிக்குண்டு சைஸில் இருக்கிறதே, இதை வைத்து எப்படி ரசம் வைப்பது என்று அவள் தள்ளிவிட்டாள். தொண்ணூறு போட்டது குண்டுக் குண்டாக இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு மாட்டினாள். அறுபத்தைந்து போட்டதில் எலுமிச்சை அளவுக்கு உருண்டைப் பழம், தொட்டால் கிழிந்துவிடுமோ என்கிற தோல். ஒட்டு ரகம் இல்லை, இதிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். அவள் பாக்கெட்டைக் காதருகில் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புரட்டாசி மூன்றாம் தேதி டீக் கப்புகளில் விதை போட்டாள். அன்றைக்கே நான் என் வேலையைக் காட்டினேன். ஒரு பெரிய தாளில் அறுபத்தைந்து சதுரம் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஆர்டர் என்றைக்கு வந்தது, சரக்கு என்றைக்கு வெளியே போகும் என்று நாள் எண்ணிக் கொடுப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. விதை போட்ட நாள் ஒன்று. கார்த்திகை இரண்டாம் வாரம் அறுபத்தைந்து. வீட்டைக் காலி செய்யக் கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் கையிருப்பு. ஒரு பழம் என்ன, ஒரு கூடையே பறிக்கலாம் என்று அவளிடம் மார்தட்டினேன்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே ஒரே நீண்ட விடியற்காலையாகத் தெரிகிறது. எது எந்த மாதம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கப்பில் மண்ணைப் பிளந்துகொண்டு வளைந்த கழுத்தோடு ஒரு முளை. தளி நண்பர் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய ஒரு மூட்டைச் செம்மண். சாண் உயரம் வந்ததும் நாற்றைக் கப்பிலிருந்து கழற்றி நான்கு பைகளில் நட்டோம். நடும்போது அவள் வேரை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல் தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு நட்டாள். எதற்கு என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் தினமும் வேலைக்குப் போகும்முன் ஒரு சதுரத்துக்குச் சிவப்புப் பென்சில் தீட்டினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் கீழ் வீட்டு வாசலில் வீட்டுக்காரரின் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஆனேக்கல்லில் பிறந்து கன்னடத்தில் படித்தவர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். என்ன விஷயம் என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லி என் மனைவி எழுந்து மாடிக்கு வந்துவிட்டாள். பெண்கள் சிரிப்பதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

அறுபத்தைந்தாவது சதுரத்தைத் தீட்டிய அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு செடியிலும் சேர்த்துப் பதினோரு காய். நெல்லிக்காய் அளவு. எல்லாம் பச்சைப் பசேல் என்று என்னைப் பார்த்தன.

கேண்டீனில் தளி நண்பரிடம் கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். விதைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். அவர் சாவகாசமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, என்றைக்கிலிருந்து எண்ணினீர்கள் என்று கேட்டார். விதை போட்டதிலிருந்து என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

“நாத்து நட்ட நாள்லருந்து எண்ணணும் சார். வெத போட்டதுலருந்து எந்த ஊர்லயும் எண்ண மாட்டாங்க. நீங்க கம்பெனிக் கணக்க மாடிக்கு எடுத்துனு போயிட்டீங்க.”

உண்மைதான். எங்கள் கணக்கு ஆர்டர் வந்த நிமிடத்திலிருந்து ஓடும். விவசாயிக்குச் செடி அவன் மண்ணில் கால் ஊன்றிய பிறகுதான் நாள் ஓடத் தொடங்குமாம். கப்பில் இருந்த இருபத்தாறு நாள் கணக்கிலேயே கிடையாது. கை கழுவுகிற இடத்தில் நின்று விரல்விட்டு எண்ணினேன். மார்கழி ஐந்தாம் தேதி வந்தது. பேப்பர் பேப்பராகத் திட்டம் போட்டு ஊருக்கெல்லாம் சரக்கு அனுப்புகிற புத்திசாலி, தன் வீட்டு அடுப்புக்கு ஒரு தக்காளி அனுப்ப முடியாமல் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவாள். எட்டு வருடமும் ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். அன்று வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்க்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்தேன். காய் இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று அவளும் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மழை மேகத்தால் இருக்கும் என்று நானாகவே சொல்லிவைத்தேன். இருக்கும் என்றாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, வீட்டுக்காரர் வீட்டிலும் அதே வழக்கம்தான். குடியிருப்பவரை அந்த மாதத்தில் வெளியே அனுப்பவும் மாட்டார்கள், புதிதாக யாரையும் சேர்க்கவும் மாட்டார்கள். கார்த்திகைக் கடைசி வெள்ளியை மட்டும் எப்படியாவது தாண்டிவிட்டால் போதும், முழுசாக ஒரு மாதம் கையில் விழும்.

பொய் சொன்னேன். வருடக் கடைசி, கம்பெனியில் ஸ்டாக் எண்ணுகிறார்கள், அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவே கிடையாது என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள ஒத்திகை எல்லாம் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். தேவையே படவில்லை. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, சரி விடுங்க, தை பிறந்ததும் போகட்டும் என்றார். அவ்வளவுதான். பார்த்து வைத்திருந்த புது வீட்டுக்காரரும் மார்கழியில் நீங்களே வருகிறேன் என்றாலும் நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் மனைவியிடமும் அதே லீவுக் கதையைச் சொன்னேன். தையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். உலகத்தையே ஏமாற்றிவிட்ட களிப்பில் நான் அன்று ஒரு சுற்று அதிகமாகச் சாப்பிட்டேன்.

களிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மார்கழி பிறந்ததும் குளிர் இறங்கியது. ஒசூர்க் குளிரைப் பற்றி எட்டு வருடமாகப் பெருமை பேசியவன், அது தக்காளியைப் பழுக்க விடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் தேதி வந்தது, போனது. காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்து, அப்படியே பச்சையாக நின்றுவிட்டன. நான் திருடி எடுத்த மாதம், தக்காளி தூங்குகிற மாதமாக இருந்தது.

அந்த மாதத்தில்தான் நாங்கள் காலையில் மாடியில் உட்காரத் தொடங்கினோம். ஆறரை மணிக்கு எதிர்வீடு தெரியாது. தெரு தெரியாது. தொழிற்பேட்டைப் பக்கம் போகிற கம்பெனி பஸ்களின் மஞ்சள் விளக்கு மட்டும் பஞ்சுக்குள் நகர்கிற மாதிரி போகும். மூன்று பக்கத்துக் கோயில்களிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வரும். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு, இன்னொன்று கன்னடம். மாடிக்கு வந்து சேர்வதற்குள் மூன்றும் கலந்து எந்த மொழியும் இல்லாத ஒரு பாட்டாகிவிடும். சாயங்காலம் செடிகளின் மேல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த, சரக்கு சுற்றுகிற பழைய குமிழித் தாளைப் போர்த்தியிருப்போம். காலையில் அதை எடுக்கும்போது உள்பக்கமெல்லாம் வேர்த்திருக்கும். அவள் அதை உதறி மடிப்பாள். நான் காப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு காயையும் பார்ப்போம்.

பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததே இல்லை. ஒருநாள் அவள் தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்ந்து, இந்தப் பனி நம்ம ஊரில் கிடையாது இல்லையா என்றாள். கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே இந்நேரம் வெயில் அடிக்கும் என்றாள். அவள் அதை ஏக்கத்தில் சொன்னாளா, வெறுமனே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பனி விலகி எதிர்வீட்டுத் தொட்டி தெரிகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

மார்கழி பாதி கழிந்து, இரண்டாவது பையில் இருந்த ஒரு காயின் அடிப்பக்கம் மட்டும் வெளுத்தது. நண்பரிடம் ஓடினேன். வெளுத்துவிட்டால் போதும் சார், பறித்து அரிசி டின்னுக்குள் போடுங்கள், நாலு நாளில் சிவந்துவிடும், ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து போகிறதெல்லாம் அப்படிப் பறித்ததுதான் என்றார். எனக்குச் சபலம் தட்டியது. மறுநாள் காலை அவள் குமிழித் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் காயைப் பிடித்தேன். சும்மா தொட்டுப் பார்க்கிற மாதிரிதான். அவள் திரும்பாமலே சொன்னாள்.

“கையை எடுங்க. அது செடியிலயே பழுக்கட்டும்.”

எடுத்துவிட்டேன். அதன்பிறகு நாள் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் சதுரம் தீர்ந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போகிறதென்றால் போக வேண்டியதுதான், அச்சகத்தில் மைவாசம் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பழகினேன்.

போகியன்று பழைய பாய்களை எரிக்கிற புகையும் பனியும் கலந்து கிடந்தது. அன்று அந்தக் காய் மஞ்சளாக இருந்தது. பொங்கலன்று ஆரஞ்சு. வீடு மாறத் தை ஆறாம் தேதி குறித்திருந்தோம். ஐந்தாம் தேதி நல்ல வெயில் அடித்தது. ஆறாம் தேதி காலை வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினேன். என் மனைவி எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் அது இருந்தது. சிவப்பு. காம்பின் பக்கம் மட்டும் கொஞ்சம் பச்சை. பறித்த இடத்தில் லேசாக ஈரம் கசிந்தது.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இந்தாங்க என்று என் கன்னத்தில் அதை வைத்தாள். பனியில் ஊறிச் சில்லென்று இருந்தது. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

சாவியைக் கொடுக்கக் கீழே போனேன். அவள் வண்டியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதிக் காய்களோடு நான்கு செடியையும் மருமகளுக்கு விட்டுவிட்டுப் போகிறோம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். ஒரு மாதம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்றும், அந்த லீவு கிடைக்காத விஷயம் உண்மையில் பொய் என்றும் போகிற நேரத்தில் சொல்லிவிட்டேன். நாள் கணக்கில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்றேன். அந்த அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“தெரியுமே சார். ஐப்பசியிலயே உங்க ஊட்டம்மா வெதப் பாக்கெட்ட எடுத்துனு வந்துச்சு. நாத்து நட்டதுலருந்து அறுவத்தஞ்சுன்னு கன்னடத்துல போட்டிருந்தத நான்தான் படிச்சுச் சொன்னேன். அப்பவே எங்கிட்ட, மார்கழி தாண்டிப் போறோம்க்கா, அவருகிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிச்சு.”

நான் அங்கேயே நின்றேன். ஐப்பசி. நான் மார்தட்டிக்கொண்டு சதுரம் தீட்டிக்கொண்டிருந்த மாதம். கார்த்திகையில் பழம் வராது என்று அவளுக்கு அப்போதே தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், பந்தயம் அவள் பக்கம். அண்ணன் ஊர், வெயில், தெரிந்த முகங்கள், எல்லாம் தானாக வந்திருக்கும். அதை விட்டுவிட்டு எனக்குத் தெரியாமல் கீழே போய் இந்த ஊரில் ஒரு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

வண்டியில் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். அவள் மடியில் செய்தித்தாள் விரித்து, பழத்தைக் கையாலேயே பிய்த்து, பாதி எனக்குக் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும். புளிப்பு. தோலும் படத்தில் பார்த்த அளவுக்கு மெலிசு இல்லை. டிரைவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் உப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

தன் பங்கை அவள் சாப்பிடுவதற்கு முன் உள்ளே இருந்த சதையைக் கட்டைவிரலால் வழித்துத் தாளின் ஓரத்தில் தடவினாள். விதைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பரப்பினாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பையும் பால் சட்டியையும் நான்தான் இறக்கி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். மாடிக்குப் போனேன். வெறும் தளம், ஒரு தண்ணீர்த் தொட்டி, அறுந்த கொடிக்கயிறு. அவள் செய்தித்தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வெயில் எந்த மூலையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டேன்.

அவள் தாளைக் கைப்பிடிச் சுவரில் வெயில் பட விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இந்தத் தடவை சதுரம் போடுறதா இருந்தா, நட்டதுல இருந்து போடுங்க.”